ஐம்பத்து நாலு பல் சக்கரம் சம்பந்தமாக

செங்கோட்டையன் கியர் ஒர்க்ஸ்
வெட் கிரைண்டர் கியர்பாக்ஸ் தயாரிப்பாளர்கள்
கணபதி, கோயமுத்தூர்
மார்கழி 3

பெறுநர்: திரு. சி. கௌதமன் அவர்கள், புனே

பொருள்: தங்களுக்குச் சொந்தமான சைக்கிளின் கியர் விகிதம் தங்கள் அனுமதியின்றி மாற்றப்பட்டது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் நலமாக இருப்பதாகத்தான் டாக்டர் சொல்கிறார். தாங்களும், தங்கள் மனைவியாகிய என் மகள் புவனாவும் புனே குளிரில் சளி பிடிக்காமல் இருக்க மருதமலை முருகனை வேண்டிக்கொள்கிறேன். தங்களுக்குக் கல்யாணமாகி இரண்டே முக்கால் வருடத்தில் நமக்குள் பேச்சோ கடிதமோ இருந்ததில்லை என்பதால், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கம்பெனி லெட்டர்பேடிலேயே எழுதுகிறேன். போன் செய்யலாமே என்று தாங்கள் கேட்கலாம். தங்கள் நம்பர் என்னிடம் இல்லை. என் மனைவி கீதாவிடம் கேட்டால் கொடுப்பாள், கொடுத்துவிட்டு ஒரு சிரிப்பும் சிரிப்பாள். அறுபத்திரண்டு வயதில் அந்தச் சிரிப்பையெல்லாம் என்னால் தாங்க முடியாது. விலாசம்கூட அவள் மாதாமாதம் தங்களுக்கு அனுப்பும் பருப்புப்பொடி பார்சலின் ரசீதில் இருந்து எடுத்ததுதான். அந்தப் பார்சல் விஷயம் எனக்குத் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள், தயவுசெய்து காட்டிக்கொள்ள வேண்டாம். இந்தக் கடிதத்தில் சைக்கிளைத் தவிர வேறு எந்த விஷயமும் இருக்காது என்று முதலிலேயே உறுதி சொல்லிவிடுகிறேன்.

ஆடி மாதம் தாங்கள் இருவரும் சிங்காநல்லூர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் புனே போனபோது, கீதா தங்கள் சாமான்களையெல்லாம் எங்கள் குடோனில் இறக்கி வைத்திருக்கிறாள். நான் பவானியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளாகப் பார்த்துச் செய்த வேலை. எனக்கு இது தெரிய ஒரு மாதம் ஆயிற்று. கிரைண்டர் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு பழைய ஜமக்காளம் நின்றுகொண்டிருந்தது. ஜமக்காளம் எதற்கு நிற்கிறது என்று இழுத்துப் பார்த்தால் உள்ளே தங்கள் சைக்கிள். எடுத்து ஓரமாக வைக்கலாம் என்று தூக்கினேன், இரண்டு விரலில் வந்துவிட்டது. எங்கள் கிரைண்டரின் கல்லே அதைவிட எடை அதிகம். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஜமக்காளத்தைத் திரும்பப் போர்த்தியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. ஆனால் முப்பத்தெட்டு வருடமாகப் பல்சக்கரம் வெட்டிப் பிழைக்கிறவன் கண்ணில் ஒரு பல்சக்கரம் பட்டால் எண்ணாமல் இருக்க முடியாதுங்க. சாக்பீஸில் ஒரு பல்லுக்குக் கோடு போட்டுவிட்டு எண்ணினேன். முன்னால் பெரியது ஐம்பத்திரண்டு, சிறியது முப்பத்தாறு. பின்னால் அடுக்காக வைத்ததில் சின்னது பதினொன்று, பெரியது இருபத்தெட்டு. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

ஏன் ஓட்டினீர்கள் என்று தாங்கள் கேட்பது நியாயம். எனக்குச் சர்க்கரை. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நடந்தால் எதிரில் வருகிறவர்கள் எல்லாம் நின்று, "பொண்ணு எப்படி இருக்குதுங்க, மாப்பிள்ளை என்ன பண்றாருங்க" என்று கேட்கிறார்கள். சைக்கிளில் போனால் அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் தாண்டிவிடலாம். இதுதான் காரணம், வேறொன்றும் இல்லை. முதல் நாள் வாசலில் வைத்து ஏறப் பார்க்கும்போது கீதா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, அது மாப்பிள்ளை வண்டிங்க. கீழ போட்டு ஒடச்சுப் போடாதீங்க" என்றாள்.

"வண்டி வண்டிதான். அதுல என்ன மாப்பிள்ளை?" என்றேன்.

"அவரே கோத்தகிரி ரோட்டுல மூணு வாட்டி ஏறிப் பார்த்துட்டு பாதி மலையில, குஞ்சப்பனையில எறங்கிட்டாராமா. மலைக்கு அந்த கியர் பத்தலையாமா. நீங்க கணபதி மேம்பாலம் ஏறி எறங்குனாப் போதுங்க, அதத் தாண்டி அக்கட்ட போக வேண்டாம்."

கியர் பத்தலையாமா. ஐயா, தாங்களே சொல்லுங்கள். வாசலில் கியர் ஒர்க்ஸ் என்று போர்டு மாட்டி வைத்திருக்கிற ஒருவனுடைய குடோனில், கியர் பத்தாத ஒரு வண்டி ஜமக்காளத்தைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது என்றால் அவன் எப்படிச் சும்மா இருப்பான்? அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் எனக்கு ருசியே தெரியவில்லை. முப்பத்தாறை இருபத்தெட்டால் வகுத்தால் ஒன்றேகாலுக்குக் கொஞ்சம் மேலே வரும். அதாவது தங்கள் வண்டியின் மிக லேசான கியரில்கூட, காலால் ஒரு சுற்று மிதித்தால் பின்சக்கரம் ஒன்றேகால் சுற்று சுற்றியே ஆக வேண்டும். சமதளத்தில் சரி. கோத்தகிரி ஏற்றத்தில் அந்த மிச்சம் கால் சுற்றையும் முட்டிதான் தூக்க வேண்டும், எந்த முட்டி தாங்கும்? தங்கள் மேல் தப்பே இல்லை. இதை நான் அப்போதே, சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, மனதுக்குள் ஒப்புக்கொண்டேன்.

எங்கள் தொழிலில் நிமிடத்துக்கு ஆயிரத்து நானூறு சுற்று சுற்றும் மோட்டாரைப் பிடித்து, பல்சக்கரத்தால் அடக்கி, நூற்று நாற்பதுக்குக் கொண்டுவந்து கல்லில் கோர்ப்போம். வேகத்தைக் குறைத்தால் பலம் கூடும், இதுதான் எனக்குத் தெரிந்த ஒரே சாஸ்திரம். அந்த சாஸ்திரப்படி, ஒரு மிதிக்குப் பின்சக்கரம் முழுச் சுற்றுகூடச் சுற்ற வேண்டாம், மூன்றில் இரண்டு பங்கு போதும் என்று தீர்மானித்து ஐம்பத்து நாலு பல்லில் ஒரு சக்கரம் வெட்டினேன். எங்கள் ஃபோர்மேன் லட்சுமணசாமி மெஷின் பக்கத்தில் வந்து நின்றான். "மொதலாளி, இது எந்த கிரைண்டருக்குங்க?" என்றான். ஒரு பார்ட்டிக்கு என்றேன். "எந்தப் பார்ட்டிங்க?" என்றான். புனே பார்ட்டி என்றேன். சாயங்காலம் வரைக்கும் அவன் முகத்திலும் கீதாவின் சிரிப்பு இருந்தது. சக்கரம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்தது. தங்கள் வண்டியில் இருந்த அடுக்கைக் கழற்றிவிட்டு இதை மாட்டினேன். செயின் எட்டவில்லை, இரண்டு செயினை வெட்டி ஒட்டுப் போட்டேன். பின்சக்கரத்தின் ஓரம் தொங்கும், கியர் மாற்றுகிற கை குறுக்கே வந்தது, அதையும் லேசாக வளைத்து விட்டேன். லேசாகத்தான்.

மறுநாள் காலை தெருவில் ஓட்டிப் பார்த்தேன். கால் கிரைண்டர் மாதிரியே சுற்றுகிறது, வண்டிதான் நகரமாட்டேன் என்கிறது. எதிர்வீட்டு அம்மா கோலத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தவர், முழுக் கோலமும் போட்டு முடித்து நிமிர்ந்து பார்க்கும்போது நான் அவர் வீட்டைத் தாண்டவில்லை. கீதா முக்குக் கடைக்குப் போய்க் கொத்தமல்லி வாங்கிக்கொண்டு, போகும்போது ஒரு முறையும் வரும்போது ஒரு முறையும் என்னைக் கடந்து போனாள். ஆனாலும் எனக்கு நம்பிக்கை குறையவில்லை. இது மலைக்குச் செய்த கியர், கணபதிக்குச் செய்தது இல்லை என்று சொல்லிக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை டெம்போவில் ஏற்றி மேட்டுப்பாளையத்துக்குக் கொண்டு போனேன். பாக்குத் தோப்பு முடிந்து ரோடு ஏற ஆரம்பிக்கும் இடத்தில் இறங்கிக்கொண்டு, டெம்போவைத் திருப்பி அனுப்பிவிட்டேன். திரும்பி வருவதற்கு வண்டி வேண்டுமா என்று டிரைவர் கேட்டதற்கு, எதுக்குப்பா, இறக்கம்தானே, சும்மா உட்கார்ந்தால் போதும் என்றேன்.

முதல் அரை மைல் அருமையாகப் போயிற்று. முட்டியில் பாரமே இல்லை. ஐயா, அந்தச் சந்தோஷத்தில், இவ்வளவு லேசாக இருக்கிறதே, கொஞ்சம் அழுத்தித்தான் பார்ப்போமே என்று ஒரு வளைவில் எழுந்து ஒரு மிதி மிதித்தேன். முன்சக்கரம் தரையை விட்டு எழுந்துவிட்டது. கிரைண்டருக்கு முன்சக்கரம் கிடையாது, அதனால் இந்த ஆபத்து என் கணக்கிலேயே வரவில்லை. அதேபோல் கிரைண்டர் எவ்வளவு மெதுவாகச் சுற்றினாலும் கீழே விழாது, சைக்கிள் விழும் என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் ரோட்டில் உட்கார்ந்திருந்தேன், வண்டி என் மேல் படுத்திருந்தது, பின்னால் வந்த கோத்தகிரி பஸ் பிரேக் போட்டு நின்றது. கண்டக்டர் படியில் இருந்து எட்டிப் பார்த்து, "ஏனுங்க பெரியவரே, குதிரை பழக்கறீங்களா?" என்று கேட்டார். பஸ் முழுவதும் சிரித்தது. நானும் எழுந்து, வேட்டியைத் தட்டிவிடுவதுபோல டிராக் பேண்ட்டைத் தட்டிவிட்டு, போங்க போங்க என்று கை காட்டினேன். ஒட்டுப் போட்ட செயின் அறுந்து, வளைத்த கை இன்னும் வளைந்து சக்கரத்துக்குள் சிக்கிக்கொண்டது. அந்தச் சக்கரம் மட்டும் ஒரு பல்கூடப் போகாமல் அப்படியே இருந்தது. அது என் வேலை, அதில் குறை சொல்ல முடியாது.

வெயிலில் வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தேன். நாக்கு வறண்டுவிட்டது. ரோட்டோரம் சாக்கடை தூர் வாரிக்கொண்டிருந்த ஆட்களில் ஒரு அம்மா என்னைப் பார்த்துவிட்டு மண்வெட்டியைக் கீழே வைத்தார். பெயர் சின்னத்தாயி என்று பிறகு சொன்னார். நான் வழக்கம்போல, ஏனம்மா, நீங்க எந்த ஊருங்க என்று ஆரம்பித்தேன். "மொதல்ல தண்ணி குடிங்க. பேச்செல்லாம் பொறகு" என்று தூக்குவாளியை நீட்டினார். அண்ணாந்து முழுத் தூக்கையும் குடித்தேன். நான் யார், எந்த ஊர், யார் வீட்டு ஆள் என்று அந்த அம்மா ஒன்றுமே கேட்கவில்லை.

இந்த இடத்தில் ஒன்று எழுதியாக வேண்டும். இதுவும் சைக்கிள் விஷயம்தான். தங்கள் வண்டியில் தண்ணி பாட்டில் வைக்க ஒரு கூடு இருக்கிறது, அதில் ஒரு நீலப் பாட்டிலும் இருக்கிறது. அன்றைக்கு அது காலி, அவசரத்தில் ரொப்ப மறந்துவிட்டேன். அதைக் கையில் எடுத்துப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. மூன்றரை வருடத்துக்கு முன்னால், பொண்ணு கேட்டுத் தாங்கள் எங்கள் வீட்டு வாசலில் இதே சைக்கிளில் வந்து இறங்கினீர்கள். நல்ல சித்திரை வெயில். எங்கள் பக்கம் ஒறம்பரை என்று விருந்தாளி யார் வந்தாலும், உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு சொம்புத் தண்ணி கையில் கொடுத்துவிட்டுத்தான் மற்ற பேச்சு. வழி கேட்டு வந்தவனுக்கும் அப்படித்தான், கரண்ட் கணக்கு எடுக்க வருகிறவருக்கும் அப்படித்தான். நான் தண்ணி கொடுக்கவில்லை. எந்த ஊரு என்று கேட்டேன், கிணத்துக்கடவு பக்கம் என்றீர்கள். அப்பா பேர் என்ன என்று கேட்டேன், சின்னான் என்றீர்கள். எந்தத் தெரு என்று கேட்டேன், அதையும் சொன்னீர்கள். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. சைக்கிளில் வந்து பொண்ணு கேட்கிறவனுக்கெல்லாம் என்னிடம் பொண்ணு இல்லை என்று மட்டும் சொன்னேன். எனக்கும் தெரியும், தங்களுக்கும் தெரியும், சைக்கிள் ஒரு சாக்குத்தான். கீதா உள்ளே இருந்து சொம்போடு வந்தாள், நான் பார்த்த பார்வையில் கதவு ஓரத்திலேயே நின்றுவிட்டாள். தாங்கள் கேட்டுக்கு வெளியே போய், அந்த நீலப் பாட்டிலை எடுத்து, எங்கள் வீட்டு வாசலில் நின்றே உங்க தண்ணியை நீங்களே குடிச்சீங்க. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்த்தேன் என்று இது வரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வண்டியைப் பழையபடி செய்து வைக்க நம்மால் ஆகாது என்று தெரிந்ததும், தாங்கள் வழக்கமாகப் போகும் ரேஸ்கோர்ஸ் பக்கத்துச் சைக்கிள் கடையை விசாரித்து, வண்டியை அங்கே கொண்டு போனேன். கடையை நடத்துவது தேஜா என்று ஒரு பெண். வண்டியைப் பார்த்த உடனே கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டது. "இது கௌதமன் அண்ணா வண்டியாச்சே. யாருங்க இத இப்படிப் பண்ணுனது?" என்றது. யாரோ கிரைண்டர் கம்பெனிக்காரன் என்றேன். அது அந்த ஐம்பத்து நாலு பல் சக்கரத்தைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெட்டுனது என்னமோ நல்லாத்தான் வெட்டியிருக்காருங்க. ஆனா மெதுவாப் போறதுக்கும் ஒரு அளவு இருக்குதில்லீங்களா அங்கிள், அதுக்குக் கீழ போனா வண்டி நேரா நிக்காதுங்க" என்றது. நான் தலையாட்டினேன். அப்புறம் திடீரென்று, "நீங்க அண்ணாவுக்கு என்ன வேணுமுங்க?" என்று கேட்டது.

கடையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் டியூபுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார், அவரும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பக்கத்து வீடு என்று சொல்லியிருக்கலாம். குடோன் ஓனர் என்று சொன்னால் அது பொய்யும் இல்லை. "மாமனாருங்க" என்று வந்துவிட்டது. என் வாயில் இருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை. "அப்படிங்களா? அண்ணா சொன்னதே இல்லீங்களே" என்றது அந்தப் பொண்ணு. எப்படிங்க சொல்லுவீங்க? என்னத்தச் சொல்லுவீங்க?

அது சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது, பின்னால் முப்பத்து நாலு பல் போட வேண்டும் என்று நீங்களே அங்கே கேட்டு வைத்திருந்தீர்களாம், புனே போய்விட்டு வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டீர்களாம். அதையே போடச் சொல்லிவிட்டேன். அதற்கு ஏற்ற நீளக் கை, புதுச் செயின் எல்லாம் போட்டாயிற்று. முப்பத்தாறுக்கு முப்பத்து நாலு. ஒரு மிதிக்கு ஏறக்குறைய ஒரு சுற்று. காலும் சக்கரமும் ஒரே கணக்கில் போகுதுங்க. முப்பத்தெட்டு வருஷம் கியர் வெட்டியும் இது எனக்குத் தோணலை, ஒண்ணை அடக்கித்தான் இன்னொண்ணுக்குப் பலம் வரும்னே நெனச்சுட்டு இருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் மேட்டுப்பாளையம் போய் ஏறினேன். பாட்டிலை ரொப்பிக்கொண்டுதான் போனேன். நாலு இடத்தில் இறங்கி மூச்சு வாங்கினேன், ஒரு இடத்தில் சின்னத்தாயி இருந்தார். "இன்னைக்கு குதிரை எந்திரிக்கலீங்களா?" என்று கேட்டார். அந்தக் கண்டக்டர் சொன்னது மலை முழுக்கப் பரவியிருக்கிறது. எப்படியோ குஞ்சப்பனை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டேன். அதற்கு மேல் கால் வரவில்லை. செக்போஸ்ட் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கதலிப்பழம் தின்றேன். நீங்க மூணு வாட்டி எறங்குன எடத்துலதான் நானும் எறங்கியிருக்கேன்னு நெனச்சதும், என்னமோ ரொம்ப நாள் பழகுன ஆளு பக்கத்துல உக்காந்திருக்கற மாதிரி இருந்துச்சுங்க. மன்னிக்கவும், பேச்சு வழக்கில் எழுதிவிட்டேன்.

ஆகவே, தங்கள் சைக்கிள் முன்னைவிட நல்ல நிலையில், மலைக்கு ஏற்ற கியரோடு, எங்கள் குடோனில் இல்லை, வீட்டு முன் ஹாலில் இருக்கிறது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். தேஜா மாட்டிக் கொடுத்த பிறகு நான் அதில் ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை. தாங்கள் பொங்கல் நோம்பிக்கு ஊருக்கு வரும்போது நேரில் வந்து வண்டியைப் பெற்றுக்கொள்ளவும். விருப்பமிருந்தால் ஒரு நாள் கோத்தகிரி ரோட்டில் சோதனை ஓட்டம் வைத்துக்கொள்ளலாம், தேஜா எனக்கு ஒரு வண்டி இரவல் தருவதாகச் சொல்லியிருக்கிறது. குஞ்சப்பனைக்கு மேலே ரோடு எப்படி இருக்கும் என்று நம் இரண்டு பேருக்குமே தெரியாது. பஸ்ஸில் போனதெல்லாம் கணக்கில் சேராது.

தாங்களும் புவனாவும் பதினாறும் பெற்று, முட்டி வலி இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும். அம்மணியை அப்பா விசாரித்ததாக அவளிடம் சொல்லவும். தங்கள் தகப்பனார் சின்னான் அவர்களுக்கும் அம்மாவுக்கும் என் வணக்கத்தைத் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செங்கோட்டையன்
(உரிமையாளர்)

பின்குறிப்பு: மேலே ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை என்று எழுதியிருக்கிறேன். அது பொய்ங்க. நேத்து சாயங்காலம் ஒரே ஒரு வாட்டி பின்சக்கரத்தைப் பிரிச்சு, அந்த முப்பத்து நாலு பல்லும் சரியா இருக்குதான்னு எண்ணிப் பார்த்துட்டு மாட்டி வெச்சேன். இப்ப கடுதாசி எழுதி முடிச்சுட்டு எந்திரிச்சா, மேசை மேல சின்னதா ஒரு வளையம் மிச்சம் கெடக்குது. அது எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்கும் தெரியலை, லட்சுமணசாமிக்கும் தெரியலை. கீதா பார்த்துட்டு, வழக்கம்போல அந்தச் சிரிப்பு. அதனால சைக்கிள் நல்லா இருக்குது, வந்து எடுத்துக்கோங்கன்னு எழுதுனது எல்லாத்தையும் அடிச்சுப் போடுங்க. அது ஓடுமா ஓடாதான்னே தெரியலை. அதுக்காக வராம இருந்துராதீங்க. சைக்கிளுக்காக வர வேண்டியதில்லீங்க மாப்பிள்ளை, சும்மாவே வாங்க, நம்ம ஊட்டுக்கு வாங்க. வாசல் கேட்டுக்கிட்ட நான் சொம்போட நிக்கறேன். வரும்போது பாட்டில்ல தண்ணி மட்டும் கொண்டாராதீங்க.